விழாமல் நிற்கப் பழகுவோம்: தொலைக்காட்சி விளையாட்டு உதவுமா?



கடந்த இதழில் நீரிழிவு உள்ளவர்கள் தமது பாதங்களை எவ்வாறு பராமரிக்க வேண்டும் என்று பார்த்தோம். இம்முறை அந்தப் பாதங்களின் மேல் விழாமல் நிற்பது பற்றிப் பார்ப்போம். "நிற்கிறதுக்கும் ஒரு பாடமோ டொக்டர்?" என்று நீங்கள் சிரிப்பது எமக்குக் கேட்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர் என்றால் நாமும் சிரித்திருப்போம்.

2023 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். வீட்டுக் குப்பைத் தொட்டியை விடியற்காலையில் வீதியோரத்துக்கு இழுத்துச் சென்றுகொண்டிருந்தோம். முதல் நாள் பெய்த மழை இரவில் உறைந்திருந்தது. தார் போலக் கறுப்பாகத் தெரிந்த இடம் உண்மையில் மெல்லிய பனிக்கட்டி. கால் வழுக்கியது, கையை ஊன்றினோம், மணிக்கட்டு முறிந்தது. அப்போது எமக்கு வயது ஐம்பத்து மூன்று. ஆறு கிழமை கையில் கட்டு. அந்த ஆறு கிழமையும் எம்மிடம் வந்த நோயாளர்கள் தமது வருத்தத்தைச் சொல்வதற்கு முன்னர் எமது கையைப் பற்றி விசாரித்தார்கள். ஒரு ஐயா தனது சுள்ளுக்குத் தெரிந்த எண்ணெய் ஒன்றைப் போத்தலில் கொண்டுவந்தும் தந்தார்.

பனியில் எவரும் வழுக்கி விழலாம் என்று நாம் எம்மைத் தேற்றிக்கொண்டோம். ஆனால் அதே காலையில் அதே வீதியில் எமது மகளும் வழுக்கினாள். அவளுடைய கால் தானாகவே ஓர் எட்டு முன்னே வைத்து உடம்பைப் பிடித்துக்கொண்டது. எமது கால் அதைச் செய்யவில்லை. கட்டோடு வீட்டில் இருந்த நாளொன்றில், குசினி மேசையின் அருகில் நின்று, இடக்காலை மட்டும் ஊன்றி, மணிக்கூட்டைப் பார்த்தோம். ஏழாவது விநாடியில் மேசையைப் பிடித்துவிட்டோம். நாளாந்தம் அரை மணி நேரம் நடப்பவர் நாம். இரத்த அழுத்தம் சரி, சீனி சரி, கொழுப்பும் பரவாயில்லை. சமநிலையை மட்டும் ஒருவரும் அளந்ததில்லை. பிறருக்கு எல்லாவற்றையும் அளக்கும் நாமும் அளந்ததில்லை.

உடம்பு எப்படி நிற்கிறது?

நாம் அசையாமல் நிற்கிறோம் என்று எண்ணும் நேரத்திலும் உடம்பு சிறிது சிறிதாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆட்டத்தை ஒவ்வொரு கணமும் திருத்துவதற்கு மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வருகிறது. முதலாவது கண். இரண்டாவது உட்செவி. அங்கே தலை திரும்புவதை அறிய மூன்று அரைவட்டக் கால்வாய்களும், தலை சாய்வதையும் நேர்கோட்டில் நகர்வதையும் அறிய இரண்டு சிறு பைகளும் ஒவ்வொரு காதிலும் உள்ளன. மூன்றாவது பாதத்தின் தோல், கணுக்கால், முழங்கால், கழுத்து ஆகிய இடங்களின் தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள். இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, எந்தத் தசையை எவ்வளவு இறுக்குவது என்று சரிசெய்வதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு.

மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதை ரயிலில் போன எல்லோரும் அனுபவித்திருப்போம். கொழும்புக் கோட்டை நிலையத்தில் யாழ்தேவியில் ஏறி உட்கார்ந்திருப்போம். பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் ரயில் புறப்படும். ஒரு கணம் எமது வண்டிதான் நகர்கிறது என்று நம்பிவிடுவோம். செவி "இல்லை" என்று சொன்னாலும் மூளை கண்ணையே முதலில் நம்புகிறது. 1974 இல் டேவிட் லீ என்ற பிரித்தானிய உளவியல் அறிஞரும் அவருடைய சக ஆய்வாளரும் இதை வேறு விதமாகக் காட்டினார்கள். தரை அசையாமல் சுவர்கள் மட்டும் நகரக்கூடிய ஓர் அறையைச் செய்து, புதிதாக நிற்கப் பழகிய குழந்தைகளை அதில் நிறுத்தினார்கள். சுவர் நகர்ந்ததும் குழந்தைகள் தடுமாறினார்கள், பலர் விழுந்தும் போனார்கள். வளர்ந்தவர்கள் விழமாட்டார்கள், ஆனால் அவர்களும் அசைவார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்றால், திரையின் முன்னால் நின்று செய்யும் பயிற்சியின் பலமும் பலவீனமும் இதற்குள்ளேதான் இருக்கின்றன.

வயது ஏறும்போது உட்செவியின் உணர் கலங்கள் குறைகின்றன, நரம்புச் செய்தி சற்றுத் தாமதமாகிறது, வேகமாகச் சுருங்கும் தசைநார்கள் மற்றவற்றை விட அதிகமாக மெலிகின்றன. வழுக்கியதும் சட்டென்று காலை வைக்க உதவுவது இந்த வேகமான தசைநார்கள். எமது சமூகத்தில் இதற்கு மேலும் ஒன்று சேர்கிறது. தெற்காசியர்களுக்கு நீரிழிவு மற்றவர்களை விட இள வயதிலேயே வருவது அதிகம். அது பாத நரம்புகளைத் தாக்கினால் மூன்று செய்திகளில் ஒன்று மங்கிப் போகும். அப்படிப்பட்டவர்கள் வெளிச்சத்தில் நன்றாக நடப்பார்கள். இரவில் விளக்குப் போடாமல் மலசலகூடம் போகும்போதும், குளிக்கும்போது சவர்க்காரத்துக்குக் கண்ணை மூடும்போதும்தான் தடுமாறுவார்கள்.

ஊரில் பழகியது

எமது தலைமுறையில் பலர் உடற்பயிற்சி நிலையத்தைக் கண்டதில்லை, ஆனால் சமநிலையை நாள் முழுவதும் பழகினோம். வயல் வரம்பில் நடந்தோம். கிளித்தட்டு மறித்தோம், ஒற்றைக் காலில் கெந்தித் தொட்டு விளையாடினோம். நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து சாப்பிட்டுவிட்டுக் கையை ஊன்றாமல் எழும்பினோம். தோட்டக் கிணறுகளில் துலா மிதித்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஆடுகிற மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்து தண்ணீர் இறைத்தவர்களுக்கு எந்தப் பயிற்சியாளர் பாடம் சொல்லிக் கொடுத்தார்? தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் முன்னும் பின்னும் ஆட்களை ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான வீதியில் சைக்கிள் ஓடியவர்கள் இன்று இங்கே மின்படியில் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறார்கள்.

இங்கே எல்லாமே சமதரை. கதிரை, மேசை, கார், மின்தூக்கி. இந்த நாட்டில் பத்து இருபது வருடங்களில் உடம்பு தனது பழைய வித்தையை மறந்துபோகிறது. பாவிக்காத மொழி மறப்பதைப் போலத்தான். அதற்குப் பிறகு ஒரு நாள் பனி உறைகிறது.

ஒரு சிறு சோதனை

2022 இல் பிரேசில் நாட்டு ஆய்வு ஒன்று வெளிவந்தது. 51 முதல் 75 வயது வரையான 1,702 பேரை ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கச் சொன்னார்கள். மற்றப் பாதத்தை ஊன்றிய காலின் பின்புறத்தில் வைத்து, கைகளைத் தொங்கவிட்டு, நேரே பார்க்க வேண்டும். மூன்று தடவை முயற்சி செய்யலாம். ஐந்தில் ஒருவருக்கு முடியவில்லை. 51 முதல் 55 வயதினரில் முடியாதவர்கள் சுமார் 5 வீதம். 71 முதல் 75 வயதினரில் பாதிக்கும் மேல். அவர்களைச் சுமார் ஏழு வருடங்கள் தொடர்ந்து கவனித்தபோது, நிற்க முடியாதவர்களிடம் மரணமும் அதிகமாகக் காணப்பட்டது. வயது, உடற்பருமன், நோய்கள் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பின்னரும் ஆபத்து 84 வீதம் அதிகம். இதனால் பயப்பட வேண்டாம். ஒற்றைக் காலில் நிற்கப் பழகினால் ஆயுள் கூடும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. உடம்பின் உள்ளே வேறு ஏதோ தளர்ந்திருப்பதை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இன்றே வீட்டில் செய்து பாருங்கள். குசினி மேசையின் அருகில், வெறுங்காலுடன், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிள்ளைகளையும் செய்யச் சொல்லுங்கள். அவர்கள் வெல்வார்கள், அது அவர்களுக்கு நல்ல சந்தோசம்.

பேஸ்மென்றில் கிடந்த பலகை

கட்டு அவிழ்த்த பின்னர் எமது மகள் பேஸ்மென்றிலிருந்து தூசி படிந்த வெள்ளைப் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உங்களில் பலருடைய வீட்டிலும் அது கிடக்கும். நின்ரெண்டோ நிறுவனம் 2007 மார்கழியில் யப்பானிலும், 2008 இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வெளியிட்ட 'வீ பிற்' என்ற விளையாட்டோடு வந்த சமநிலைப் பலகை அது. அந்தக் காலத்தில் பிறந்தநாள் பரிசாக அதைக் கேட்காத பிள்ளை இல்லை. பலகையின் நான்கு மூலையிலும் நிறையை அளக்கும் உணரிகள் உள்ளன. நீங்கள் முன்னே சாய்கிறீர்களா, வலக்காலில் பாரத்தைப் போடுகிறீர்களா என்பதை அது உடனுக்குடன் திரையில் காட்டும். திரையில் ஒரு உருவம் பனிச்சறுக்குப் போகும், அல்லது சாய்கிற மேசையில் குண்டுகளை ஓட்டைக்குள் விழுத்தும். உங்கள் உடம்பைச் சாய்த்துத்தான் அதை இயக்கவேண்டும்.

இது வெறும் விளையாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். ஆய்வுகூடங்களில் நிற்பவரின் ஆட்டத்தை அளக்க விலை கூடிய விசைத்தட்டுகளைப் பயன்படுத்துவார்கள். 2010 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்தப் பலகையை அத்தகைய தட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, நிற்கும் சமநிலையை அளப்பதற்கு இது நம்பத்தக்கது என்று எழுதினார்கள். அதன் பிறகு உலகெங்கும் பல வைத்தியசாலைகளில் இதை வாங்கி வைத்தார்கள்.

நாமும் ஏறினோம். கிழமைக்கு மூன்று நாள், இருபது நிமிடம். முதல் நாள் பனிச்சறுக்கில் கொடிக்கம்பங்களில் பாதியைத் தவறவிட்டோம். இரண்டு மாதத்தில் மகளுடைய பழைய புள்ளிகளைத் தாண்டிவிட்டோம். வீட்டில் ஒரே பெருமை. எமக்குத் தெரிந்த ஒரு இயன்மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "அப்படியென்றால் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு தலையை இடமும் வலமும் திருப்புங்கள் பார்ப்போம்" என்றார். நான்கு விநாடி. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் சொன்னாள்: "அப்பா, நீங்கள் ஸ்கீ ஓடத்தான் பழகியிருக்கிறியள், நிக்கப் பழகேல்லை."

மருத்துவக் கல்லூரியில் கற்றதை விட அந்த வசனம் எமக்குத் தெளிவாக விளங்கியது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

மகள் சொன்னதையே ஆய்வாளர்களும் சொல்லியிருக்கிறார்கள். 2016 இல் ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், ஆரோக்கியமானவர்களிடம் செய்யப்பட்ட சமநிலைப் பயிற்சி ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பழகிய செயலில் பெரிய முன்னேற்றம் இருந்தது. பழகாத வேறு சமநிலைச் செயலுக்கு அந்த முன்னேற்றம் ஏறக்குறையக் கைமாறவே இல்லை. சமநிலை என்பது ஒரு தனிச் சக்தி, அதைச் சேர்த்து வைத்தால் எல்லா இடத்திலும் செலவழிக்கலாம் என்று நாம் நினைக்கிறோம். உடம்போ பழகியதை மட்டும் பழகியபடியே கற்றுக்கொள்கிறது. மிருதங்கம் பழகியவருக்கு வயலின் தானாக வராது அல்லவா?

பலகையில் நிற்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். தளம் அசையாது. இரண்டு பாதமும் ஒரே இடத்தில் இருக்கும். கண் திரையை விட்டு விலகாது. ஆகவே கண்ணையும் கணுக்காலையும் சேர்த்துப் பாரத்தை மெதுவாக மாற்றும் திறமை நன்றாக வளர்கிறது. அது உபயோகமற்றது அல்ல. ஆனால் நாம் விழுவது எப்போது? நடக்கும்போது, திரும்பும்போது, படியில் இறங்கும்போது, கால் விரிப்பில் தடக்கும்போது. அப்போது தேவைப்படுவது விரைவாக ஓர் எட்டு வைப்பது. அதைப் பலகை கற்பிக்கவில்லை.

எட்டு வைப்பதைக் கற்பிக்கும் விளையாட்டுகளும் உண்டு. அவற்றுக்கான சான்று இப்போது பலமாக இருக்கிறது. சிட்னியில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 769 பேரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2024 இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்த மிதிவிரிப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். திரையில் வருவதைப் பார்த்து, சரியான கட்டத்தை உரிய நேரத்தில் மிதிக்க வேண்டும். எமது கிளித்தட்டையும் கெந்தல் விளையாட்டையும் ஒன்றாகச் சேர்த்து வரவேற்பறைக்குள் கொண்டுவந்த மாதிரி. கிழமைக்கு 120 நிமிடம் செய்யும்படி கேட்டார்கள். ஒரு வருடத்தில் இவர்கள் விழுந்த தடவைகள், ஒப்பீட்டுக் குழுவினரை விட 26 வீதம் குறைவு. இன்னொரு பகுதியினர் அதே போன்ற விளையாட்டைக் கதிரையில் இருந்தபடி கையால் ஆடினார்கள். அவர்களிடம் அப்படி உறுதியான குறைவு காணப்படவில்லை. எழும்பி நின்று காலை வைக்க வேண்டும் என்பதே இதன் அர்த்தம்.

திரை இல்லாமலும் இதே அளவு பலன் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கடைக்காரருக்கு விளம்பரம் செய்தது போலாகிவிடும். 2019 இல் கொக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பில் 108 ஆய்வுகளும் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களும் அடக்கம். உடற்பயிற்சி விழுதலை 23 வீதம் குறைத்தது. சமநிலைப் பயிற்சியோடு தசையைப் பலப்படுத்தும் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களிடம் 34 வீதம் குறைந்தது. வெறுமனே நடப்பது மட்டும் போதும் என்பதற்குச் சான்று அதில் கிடைக்கவில்லை. நாளாந்தம் நடந்தும் விழுந்த எமக்கு இது சுட்டது.

அப்படியென்றால் திரை எதற்கு? எமது அனுபவத்தில் பதில் ஒன்றுதான். பயிற்சியை விடாமல் செய்விப்பதற்கு. இயன்மருத்துவர் தாளில் எழுதிக் கொடுக்கும் பயிற்சியை இரண்டாவது கிழமையே பலர் மறந்துவிடுகிறார்கள் என்பதை நாம் நோயாளரிடம் கேட்டுக் கேட்டு அறிவோம். ஆனால் பேரப்பிள்ளையோடு போட்டி என்றால், "இன்னும் ஒருக்கா" என்று நிற்கும் அம்மம்மாக்களைக் கண்டிருக்கிறோம்.

தலையில் மாட்டும் மெய்நிகர் கண்ணாடி பற்றியும் பலர் கேட்கிறார்கள். அது வேறு விதமான பொருள். கண்ணுக்கு மலை உச்சியும் கடலும் தெரியும், உட்செவியோ "வரவேற்பறையில்தான் நிற்கிறாய்" என்று சொல்லும். யாழ்தேவிக் கதைதான், ஆனால் நிமிடக்கணக்கில். சிலருக்குத் தலைசுற்றும், வயிற்றைப் பிரட்டும். அத்துடன் சொந்த மேசையும் சுவரும் கண்ணுக்குத் தெரியாது. மறுவாழ்வு நிலையங்களில் பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, உடம்பில் பட்டி கட்டிச் செய்வது வேறு. வீட்டில் தனியே, அதுவும் அறுபது தாண்டியவர்கள், இதை நின்றுகொண்டு செய்வதை நாம் சிபாரிசு செய்யமாட்டோம்.

நாம் இப்போது செய்வது

மகளிடம் தோற்ற பின்னர் எமது பயிற்சியை மாற்றிக்கொண்டோம். திரைக்குப் பத்து நிமிடம்தான். வீட்டில் பழைய பலகை இருந்தால் அது போதும். இல்லாதவர்கள் புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. 2019 இல் வந்த 'றிங் பிற்' போன்ற விளையாட்டில் காலில் கட்டும் பட்டி இருப்பதால் நின்ற இடத்தில் ஓடவும் குந்தி எழும்பவும் வேண்டும். அது காலுக்கு நல்ல வேலை. தரையில் விரித்து மிதித்து ஆடும் நடன விரிப்பும் நல்லது, அதன் வேகத்தைக் குறைத்து வையுங்கள்.

பிறகு தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட வேண்டாம். வீட்டு நடைவழியில் ஒரு பாதத்தின் குதியை மற்றப் பாதத்தின் விரலோடு முட்டவைத்து, கோட்டில் நடப்பது போல நடக்கிறோம். அது சுலபமானதும் தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டு நடக்கிறோம். அதுவும் சுலபமானால் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு நடக்கிறோம். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று சொல்லும்போது கால் எப்படித் தடுமாறுகிறது என்பதைச் செய்து பார்த்தால்தான் நம்புவீர்கள். உண்மையான வாழ்க்கையில் ஒருவரும் நடையை மட்டும் நினைத்துக்கொண்டு நடப்பதில்லை. கைபேசியில் ஊருக்குக் கதைத்துக்கொண்டுதான் படி இறங்குகிறோம்.

அடுத்ததாக எல்லாத் திசைக்கும் விரைவாக எட்டு வைப்பது. ஒருவர் "முன், வலம், பின்" என்று ஒழுங்கில்லாமல் சொல்ல, மற்றவர் உடனே அந்தப் பக்கம் ஓர் எட்டு வைத்து மீள வேண்டும். இதற்கு வீட்டுச் சிறுவர்களை விட நல்ல பயிற்றுநர் கிடையாது, இரக்கமே காட்டமாட்டார்கள். இறுதியாகக் கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து பத்துத் தடவை எழும்பி இருப்பது. இது தொடைத் தசைக்கு. பல் விளக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பதை நாளாந்தம் இரு வேளையும் செய்யலாம். அதற்குத் தனியே நேரம் தேடவேண்டியதில்லை.

ஒவ்வொரு பயிற்சியும் சற்றுத் தடுமாற வைக்க வேண்டும். தடுமாற்றமே இல்லாவிட்டால் உடம்புக்குக் கற்க ஒன்றுமில்லை. ஆனபடியால் மேசையை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிடித்துக்கொண்டே செய்யாதீர்கள். காலுறையோடு செய்யவேண்டாம், வெறுங்கால் அல்லது வழுக்காத சப்பாத்து. பலகையைச் சுற்றிக் கண்ணாடி மேசை இருக்கக்கூடாது. பலகையிலிருந்து பின்பக்கமாக இறங்காதீர்கள். அது சுமார் ஐந்து சென்ரிமீற்றர் உயரம்தான், விழுவதற்கு அது போதும்.

எவ்வளவு காலம்? முதியவர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், கிழமைக்கு மூன்று தடவைப்படி பதினொன்று பன்னிரண்டு கிழமை செய்தவர்களிடம் நல்ல முன்னேற்றம் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனமும் 2020 இல், 65 வயதுக்கு மேற்பட்டோர் கிழமையில் மூன்று நாளாவது சமநிலையும் தசைப்பலமும் சேர்ந்த பயிற்சி செய்யவேண்டும் என்று அறிவுறுத்தியது. அறுபத்தைந்து வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நாற்பதில், ஐம்பதில் தொடங்குபவருக்கு இழந்ததை மீட்கும் வேலை குறைவு.

முதலில் வைத்தியரைக் காணவேண்டியவர்கள்

கடந்த ஒரு வருடத்தில் காரணமில்லாமல் விழுந்தவர்கள், எழும்பும்போது கண் இருட்டுபவர்கள், படுக்கையில் புரளும்போது அறை சுற்றுவதாக உணர்பவர்கள், பாதம் மரத்துப்போன நீரிழிவு நோயாளர்கள், பாரிசவாதம் வந்தவர்கள், எலும்புத் தேய்வு உள்ளவர்கள் ஆகியோர் விளையாட்டில் ஏறுவதற்கு முன்னர் தமது குடும்ப வைத்தியரோடு கதைக்க வேண்டும். படுக்கையில் புரளும்போது வரும் தலைச்சுற்றுக்கு உட்செவியில் இடம்மாறிய நுண்ணிய துகள்கள் பல சமயம் காரணம். தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பிச் செய்யும் சிகிச்சையால் அதைப் பெரும்பாலும் விரைவில் சுகப்படுத்தலாம். அதற்காக மாதக்கணக்கில் குளிசை விழுங்கியவர்களைக் கண்டிருக்கிறோம்.

போகும்போது நீங்கள் எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். நித்திரைக் குளிசை, இரத்த அழுத்தக் குளிசை, ஊரிலிருந்து வந்தவர் தந்த குளிசை எல்லாம்தான். நித்திரைக் குளிசை இரவில் விழுவதற்குப் பெரிய காரணம். விற்றமின் டி பற்றியும் கேட்பீர்கள். எமது தோல் நிறத்துக்கும் இந்த நாட்டுக் குளிர்காலத்துக்கும் அது குறைவாக இருப்பது வழமை, மிகவும் குறைந்தால் தசை பலவீனமாகும், அப்போது எடுக்கத்தான் வேண்டும். ஆனால் குளிசை மட்டும் ஒருவரையும் விழாமல் தடுக்காது.

பயத்தைப் பற்றியும் ஒரு சொல். விழுந்து எழும்பியவர்களில் பலர் எலும்பு முறியாவிட்டாலும் வெளியே போவதை நிறுத்திவிடுகிறார்கள். கோவிலுக்கு இல்லை, கடைக்கு இல்லை, பேரப்பிள்ளையின் அரங்கேற்றத்துக்கும் "வீட்டிலிருந்தே வீடியோவில பார்க்கிறன்". பிள்ளைகளும் அன்பினால், "அம்மா, நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம், இருங்கோ" என்கிறார்கள். கதிரையில் இருக்க இருக்கக் கால் மேலும் மெலிகிறது. அடுத்த முறை விழுவது அதைவிடச் சுலபமாகிறது. உலகில் ஆண்டுதோறும் 684,000 பேர் விழுந்ததனால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் பெரும் பங்கினர் அறுபது தாண்டியவர்கள். ஆகவே பெற்றோரை இருத்தி வைப்பதை விடப் பக்கத்தில் நின்று நடக்க விடுங்கள்.

எமது இன்றைய கணக்கையும் சொல்லிவிடுகிறோம். இடக்காலில் முப்பத்தொரு விநாடி. தலையைத் திருப்பிக்கொண்டு பதினைந்து. சென்ற பனிக்காலத்தில் அதே குப்பைத் தொட்டியோடு அதே இடத்தில் ஒருமுறை வழுக்கினோம். கால் தானாக ஓர் எட்டு வைத்தது. தொட்டிதான் விழுந்தது. அதைப் பயிற்சி செய்ததா, அன்று அணிந்திருந்த ஆணி வைத்த சப்பாத்துச் செய்ததா என்று எம்மால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இரண்டையும் விடப்போவதில்லை.

சங்க மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் நேரத்தில், பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோரும் பேரன் பேத்தியும் சேர்ந்து இதைப் பழகலாம் என்று செயற்குழு இணங்கியுள்ளது. பேஸ்மென்றில் பாவிக்காமல் கிடக்கும் சமநிலைப் பலகையோ நடன விரிப்போ இருந்தால் தூசி தட்டிக் கொண்டுவாருங்கள். பலகைக்கு நான்கு சிறிய மின்கலங்கள் வேண்டும், அவற்றையும் மறக்காமல் போட்டுக்கொண்டு வாருங்கள்.